உள்ளே இருப்பதைக் காப்பவர் யார்?

பதுளை நகரிலிருந்து நமுனுகுல மலைப்பக்கமாக ஏறிச் செல்லும் வழியில் இருக்கிறது ஸ்பிரிங்வெளி. காப்பிக் காலத்திலேயே பெயர் பெற்ற தோட்டம் அது. அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், திருநாளுக்கு முன்பாகக் கோவிலைப் புதுப்பித்தார்கள். தரை முழுவதும் வெள்ளை டைல்ஸ். சுவரெங்கும் பளபளக்கும் பெயிண்ட். பழைய மரப்பீடம் நின்ற இடத்தில் மாபிள் பீடம். உபகாரிகளின் பெயர் பொறித்த பலகை ஒன்றும் வாசலில் ஏறிற்று. எல்லாருக்கும் மகிழ்ச்சி.

திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின், வயதான தாயார் ஒருவர் மட்டும் கோவிலின் நடுவே நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பாட்டி தேடுறீங்க?" என்று கேட்டோம். "எங்க அப்பாயி முழங்கால் போட்ட எடம் தம்பி. செவப்புத் தரையில குழி விழுந்து கெடந்துச்சே, அது எங்க போச்சு?" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் குழியை நாம் பழுது என்று எண்ணினோம். அவரோ அதை ஒரு சொத்து என்று எண்ணியிருந்தார். அன்பான வாசகர்களே, இந்த இரண்டு எண்ணங்களில் எது சரி? பழைய கட்டடங்களின் உட்புறத்தைக் காப்பது நமக்கு ஒரு கடமைதானா? கடமை என்றால், எதைக் காப்பது, யாருக்காகக் காப்பது? இவ்வாரம் இதைச் சற்று அமைதியாகச் சிந்திப்போம்.

வெளியும் உள்ளும்

ஒரு கட்டடத்தின் வெளித்தோற்றம் அதைக் கட்டப் பணம் கொடுத்தவரைப் பற்றிப் பேசும். அதன் உட்புறமோ அதில் வாழ்ந்தவரைப் பற்றிப் பேசும். கோபுரத்தின் உயரத்தைப் பாதையில் போகிறவனும் பார்ப்பான். கதவின் கைப்பிடி தேய்ந்திருப்பதும், மெழுகுதிரிப் புகையால் மாடம் கறுத்திருப்பதும், சுரூபத்தின் பாதம் மட்டும் நிறம் மங்கியிருப்பதும் உள்ளே வந்து போனவர்கள் விட்டுச் சென்ற அடையாளங்கள். அவர்களுள் பலருக்கு எழுத்துத் தெரியாது. தங்கள் வாழ்க்கையை அவர்கள் எழுதி வைக்கவில்லை. கையாலும் காலாலும் முழங்காலாலும் அவர்கள் எழுதி வைத்தது இவ்வளவுதான்.

ஆகவே உட்புறத்தை அழிப்பதென்பது, எழுதத் தெரியாதவர்களின் ஒரே ஏட்டைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். வெளிச்சுவர் அப்படியே நிற்கும்; படம் எடுத்தால் பழைய கோவிலாகவே தெரியும்; ஆனால் உள்ளே நினைவு என்று ஒன்றும் மிஞ்சியிராது.

நம் மாகாணத்தில் காக்கப்பட்டவை

ஊவா மாகாணத்தில் உட்புறம் நன்கு காக்கப்பட்ட கட்டடத்தைக் காண விரும்புவோர் ஹப்புத்தளைக்குப் போகலாம். அங்கே அடிசம் பங்களா இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து இளைஞராக வந்து, தோட்டத் துரையாகி, பின் கொழும்பின் பெரிய வணிக நிறுவனமொன்றின் தலைவராக உயர்ந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டியது; 1931 ஆம் ஆண்டில் முடிந்தது. கென்ட் மாநிலத்தில் தாம் பிறந்த ஊரின் பெயரையே வீட்டுக்கும் வைத்தார். கருங்கல் சுவர், உள்ளே பர்மாத் தேக்கு. 1960களின் தொடக்கத்தில் அது புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் கைக்கு வந்தது. அவர்கள் வீட்டை இடித்துப் புதிய மடம் கட்டவில்லை. வரவேற்பறையையும் நூலகத்தையும் பழைய தளபாடங்களோடும் புத்தகங்களோடும் இருந்தபடியே வைத்து, குறித்த நாட்களில் மக்கள் வந்து பார்க்க இடம் தந்தார்கள். செபமும் உழைப்புமாய் வாழும் துறவிகள் தங்களுக்குச் சொந்தமல்லாத ஒரு காலத்தின் அறைகளைத் துடைத்துப் பேணி வருவது பாராட்டுக்குரியது.

பதுளை நகரிலேயே அங்கிலிக்கன் சபையாரின் புனித மாற்கு ஆலயம் இருக்கிறது. பதுளையின் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக நண்பர்கள் பணம் திரட்டிக் கட்டிய ஆலயம் அது. உள்ளே அவருக்கு நினைவுக்கல் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று வரலாறு அவரைச் சொல்லுகிறது. அன்று அது வீரம். இன்று கேட்டால் நெஞ்சு பதறும். அதற்காக அந்தக் கல்லைப் பெயர்த்தெறிய வேண்டுமா? வேண்டாம் என்பதே நம் எண்ணம். ஒன்றைக் காப்பது வேறு, அதைப் புகழ்வது வேறு. ஒரு காலத்தார் எதைப் பெருமை என்று எண்ணினார்கள் என்பதற்கு அந்தக் கல் சாட்சி. சாட்சியை அகற்றிவிட்டால் பிள்ளைகளுக்கு எதைக் காட்டி நியாயத்தைப் படிப்பிப்பது?

இவ்விரண்டு கட்டடங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பும் தோட்டத்துப் பிள்ளையின் மனத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். துரையின் நூலகம் இருக்கிறது. மேஜரின் நினைவுக்கல் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த மலைகளில் காடு வெட்டி, பாதை போட்டு, தேயிலை நட்ட நம் பாட்டன் பாட்டி வாழ்ந்த அறை எங்கே?

சட்டம் போட்ட கோடு

இந்தக் கேள்விக்கு ஒரு பகுதிப் பதில் நாட்டின் சட்டத்திலேயே இருக்கிறது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொன்மைச் சின்னம் என்று கொள்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. அந்த நாளுக்குப் பிற்பட்ட கட்டடம் ஒன்றைக் காக்க வேண்டுமானால் அதற்கென்று தனியாகக் கட்டளை பிறப்பிக்க வேண்டும்.

நம் முன்னோர் காப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில். அதாவது, மலையகத் தமிழர் இந்த மண்ணில் எழுப்பிய எல்லாமே அந்தக் கோட்டுக்கு இப்பால் விழுகின்றன. தோட்டத்து மாதா கோவிலும், மாரியம்மன் கோவிலும், லயமும், பிள்ளைக் காம்பராவும், இலை வாடிய மரத்தட்டுகள் நிறைந்த பழைய தேயிலை ஸ்டோரும் தாமாகவே காக்கப்படும் பட்டியலில் இல்லை. இதில் யாருடைய வஞ்சனையும் இருந்ததாக நாம் சொல்ல வரவில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான்: நாமாகக் காக்காவிட்டால் நம்முடையதைக் காக்க வேறெவரும் வரப்போவதில்லை.

லயத்தையா காப்பது?

"லயத்தைக் காப்பதா? அதை இடித்துத் தள்ளும் நாள் எப்போது வரும் என்றல்லவா காத்திருக்கிறோம்!" என்று வாசகர் சிலர் கோபிக்கக்கூடும். அந்தக் கோபம் நியாயமானது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அதற்கு முன்னே ஓர் இஸ்தோப்பு. அதற்குள்ளேயே சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம். இன்றும் எத்தனையோ குடும்பங்கள் அந்தக் காம்பராக்களிலேயே வாழ்கின்றன. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தைப் பகுதியின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய துயரத்தை நம் மறைமாவட்டம் மறக்க முடியாது. அது ஆபத்தான இடமென்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே இருக்க நேர்ந்தது. அத்தகைய இடத்தில் "பழைமை" என்று பேசுவது பாவம்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். மனிதர் குடியிருக்கும் லயம் காட்சிப்பொருள் அல்ல. அதைக் காப்பதென்ற பெயரில் ஒரு குடும்பத்தையேனும் அதில் நிறுத்தி வைக்கக் கூடாது. முதலில் வீடும் காணியும், பிறகே நினைவு.

ஆனால், மக்கள் தங்கள் சொந்த வீட்டுக்குப் போன பின்? அந்த நாளில் எல்லா லயங்களையும் ஒன்று விடாமல் தரைமட்டமாக்கிவிட்டால் என்ன ஆகும்? ஐம்பது ஆண்டுக்குப் பின் வரும் பேரன் ஹப்புத்தளைக்குப் போய்த் துரையின் வரவேற்பறையைப் பார்ப்பான். மலையகத்தில் எல்லாரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள் போலும் என்று நினைத்துக்கொள்வான். பொய்யென்று சொல்லத்தக்கது எதுவும் அங்கே காட்டப்படாமலே அவன் ஒரு பொய்யை நம்புவான். பங்களாவை மட்டும் காத்து லயத்தை முற்றாக மறப்பது வரலாற்றை அழகாக்கும் முயற்சியாகவே முடியும்.

இதை முன்பே உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கம்பளைக்கு அருகே, பழைய பீக்கொக் தோட்டத்தில், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007 இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட் காட்சியகம் ஒன்றை ஏற்படுத்தியது. அதற்கென்று புதிய மண்டபம் கட்டவில்லை. பழைய லயக் காம்பராக்களிலேயே அதை அமைத்தார்கள். தொழிலாளர் புழங்கிய பாத்திரம், கருவி, ஆவணம் ஆகியவற்றை அந்தக் காம்பராவுக்குள்ளேயே காணலாம். பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பது ஒன்று. அந்தக் கூரையின் தாழ்வையும் அறையின் இருளையும் தன் உடம்பால் உணர்ந்து நின்று பார்ப்பது முற்றிலும் வேறொன்று.

ஏழைக்கா, சுவருக்கா?

இன்னொரு கேள்வி நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. "ஏழைப் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் வாங்கக் காசில்லை. பழைய மரத்துக்கும் சுவருக்கும் செலவா?" நறுமணத் தைலத்தைப் பற்றிப் பெத்தானியா ஊரில் ஒருவன் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய இதுவே. அவன் கேட்டது ஏழைகளின் மேல் கொண்ட அக்கறையால் அல்ல என்று நற்செய்தி கூறினாலும், கேள்வி தவறானதல்ல.

திருச்சபையின் வரலாறே இதற்கு விடை தந்திருக்கிறது. 4 ஆம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராயிருந்த புனித அம்புரோசியார், போரில் சிறைபிடிக்கப்பட்டோரை மீட்பதற்காகக் கோவிலின் பொற்பாத்திரங்களை உருக்கி விற்றார். குற்றம் சாட்டியவர்களுக்கு அவர் கொடுத்த விடையின் சாரம், உயிர்களைக் காப்பது உலோகத்தைக் காப்பதைவிட மேல் என்பதே. ஆகவே வரிசை தெளிவானது: முதலில் மனிதன், பிறகே பொருள். உயிர் ஆபத்தில் இருக்கும்போது பழைமை வழிவிட்டாக வேண்டும்.

ஆனால் நம் பங்குகளில் நடப்பதை நேர்மையாகப் பார்ப்போம். பழைய பீடத்தைப் பெயர்த்தபோது அந்தக் காசு ஏழைக்கா போயிற்று? இல்லை, மாபிளுக்குப் போயிற்று. சிவப்புத் தரையை மூடியபோது எந்தப் பிள்ளைக்குப் புத்தகம் கிடைத்தது? ஒழுகும் கூரைத் தகரத்தை மாற்றவும், பீலியில் அடைத்த இலையை வாரவும், கறையான் ஏறாமல் பார்க்கவும் ஆகும் செலவு சிறியது. பெரிய செலவெல்லாம் புதுப்பிப்பில்தான் ஆகிறது. காப்பது பெரும்பாலும் மலிவு. அதில் ஒரே ஒரு குறை உண்டு: பீலியை வாரியவர் பெயரைப் பலகையில் பொறிப்பதில்லை! ஏழைக்குப் போட்டியாக நிற்பது பழைமை அல்ல, நம்முடைய வீண்பெருமையே.

மாற்றம் வேறு, அழிவு வேறு

எதையும் மாற்றவே கூடாது என்று நாம் வாதிடவில்லை. கோவில் உயிருள்ள வீடு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் குருவானவர் மக்களை நோக்கித் திருப்பலி நிறைவேற்றப் பீடம் முன்னுக்கு வந்தது. அது தேவையான மாற்றம். ஆனால் 1963 இல் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்ட அதே சங்கம், விலைமதிப்புள்ள திருப்பொருட்கள் கைமாறிப் போகாமலும் சிதைந்து போகாமலும் ஆயர்கள் விழிப்பாயிருக்க வேண்டும் என்றும் கேட்டது. பல இடங்களில் அந்தப் பகுதியை நாம் வாசிக்க மறந்தோம். வழிபாட்டுச் சீர்திருத்தத்தின் பெயரால் கலைப்பொருட்கள் அகற்றப்படுவதைக் கண்ட உரோமை, 1971 இல் ஆயர் பேரவைகளுக்கு அதுபற்றி எச்சரித்துக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. 1983 இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும், பழைமையாலோ கலையாலோ மக்கள் பக்தியாலோ சிறப்புற்ற சுரூபங்களையும் படங்களையும் பழுதுபார்க்க ஆயரின் எழுத்து மூல அனுமதி வேண்டும் என்றும், அதற்கு முன் அவர் வல்லுநரைக் கேட்க வேண்டும் என்றும் 1189 ஆம் சட்டம் சொல்லுகிறது. தோட்டத்துக் கோவிலின் சிறிய சுரூபம் அதில் அடங்காது என்று யார் சொன்னது? பக்தியால் சிறப்புற்றது என்பதற்கு அந்த மங்கிய பாதங்களைவிட வேறு சான்று வேண்டுமா?

பாரிஸ் மாநகரின் நொத்ரு தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 ஆம் திகதி தீப்பிடித்தது. 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. எரிந்த ஓக் மரக்கூரையைப் பழைய முறைப்படியே மரத்தைச் செதுக்கி எழுப்பினார்கள். நசுங்கிப்போன பீடத்துக்குப் பதிலாகப் புதிய வெண்கலப் பீடத்தை வைத்தார்கள். இருந்ததைத் தெரிந்த அளவுக்கு மீட்டார்கள். இல்லாமற் போனதற்குப் பழையது போன்ற போலியைச் செய்யாமல் புதியதைப் புதியதாகவே வைத்தார்கள். இரண்டிலும் உண்மை இருந்தது.

அதே 2019 இல், தீ விபத்து நடந்து ஒரு வாரம் ஆகுமுன், உயிர்ப்பு ஞாயிறன்று நம் நாட்டுக் கோவில்களில் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு, கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தில் மக்களின் இரத்தம் தெறித்தது. ஆலயத்தைப் பழுதுபார்த்தார்கள், சுவரையும் கூரையையும் சீராக்கினார்கள். ஆனால் அந்தச் சுரூபத்தைக் கழுவிப் பெயிண்ட் பூசவில்லை. இரத்தக் கறையோடு கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எதைத் துடைப்பது, எதைத் துடைக்கக் கூடாது என்பதை அந்தப் பங்கு மக்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. இழந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. அந்தத் தாயார் தேடிய குழியும் அதே வகைப்பட்டதுதான்.

நாம் செய்யக்கூடியவை

உங்கள் கோவிலில் புதுப்பிப்பு வேலை தொடங்கும் முன் சில காரியங்களைச் செய்யலாம். முதலாவது, உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு கொப்பியில் பட்டியல் எழுதுங்கள்: சுரூபம், சிலுவைப்பாதைப் படங்கள், வாங்கு, மணி, பாத்திரம், பழைய ஞானஸ்நானப் புத்தகம். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியிலேயே படம் எடுத்து வையுங்கள். பட்டியலில் இருப்பது எளிதில் காணாமற் போகாது.

இரண்டாவது, ஈரத்தைக் கவனியுங்கள். மலைநாட்டின் பழைய சுவர்களுக்குப் பெரிய எதிரி பனியும் மழையும். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர் தன்னுள் ஏறிய ஈரத்தை மெல்ல வெளியே விடும். அதன்மேல் சீமெந்தைப் பூசி எனமல் பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்படும். சில காலத்தில் பூச்சு உப்பி விழும், மரம் உளுத்துப்போகும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து.

மூன்றாவது, திரும்ப எடுக்க முடியாத வேலையைச் செய்யாதீர்கள். தரைக்கு மேல் பாய் விரித்தால் நாளை சுருட்டலாம். ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்தால் அடியிலுள்ளதும் சேர்ந்தே வரும். நம் தீர்மானம் பிழையாயிருக்கலாம் என்ற தாழ்மையோடு செய்யும் வேலையே நல்ல வேலை.

நான்காவது, லயத்தை விட்டுப் புதிய வீட்டுக்குப் போகும் குடும்பங்கள், இடிக்கும் முன் தங்கள் காம்பராவை அளந்து, படமெடுத்து, எந்த மூலையில் அடுப்பு, எங்கே சாமி படம், எங்கே தொட்டில் கட்டியது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். தோட்டத்துக்கு ஒரு காம்பராவேனும் ஆபத்தில்லாத இடத்தில் நிற்குமானால், அதைக் காக்க முடியுமா என்று சங்கத்தாரோடும் தோட்ட நிர்வாகத்தோடும் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. கோவில் கமிட்டி கூடும்போது வழக்கமாகப் பணம் கொடுப்பவர் பேசுவார், பாஸ் பேசுவார், இளைஞர் பேசுவார்கள். அந்தக் கோவிலில் அதிக காலம் முழங்காலிட்டவரை ஒருவரும் கேட்பதில்லை. நாம் இக்கோவிலின் உரிமையாளர் அல்லர். கொடுத்துவிட்டு இறந்தவர்களுக்கும் இன்னும் பிறவாதவர்களுக்கும் நடுவே சிறிது காலம் சாவியை வைத்திருப்பவர்கள் மட்டுமே. சாவி வைத்திருப்பவன் வீட்டுக்காரரைக் கேளாமல் சுவரை இடிக்கலாமா?

அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. அந்தத் தரையை இனி மீட்க முடியாது. ஆனால் உங்கள் தோட்டத்துக் கோவிலில் சிவப்புத் தரை இன்னும் இருக்கலாம். அடுத்த திருநாளுக்கு டைல்ஸ் விலை விசாரிக்கப் பதுளைக் கடைக்குப் போகும் முன், உங்கள் வீட்டிலிருக்கும் வயது முதிர்ந்தவரைக் கையைப் பிடித்துக் கோவிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் யார் முழங்காலிட்டார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளும் கூட இருக்கட்டும்.